சேங்கொட்டை மை

முப்பத்தேழு பேர் உட்காரும் சபை.
அதில் பதினோரு பேருக்கு வெளுப்பு என்னுடையது.
பெயர் வாயில் நுழையாது, குறி தெரியும்.
ஒரு கோடும் இரண்டு புள்ளியும்:
கரும்புத் தோட்டத்துப் பென்வெல் துரை.
கவிழ்த்த பிறை: டர்பன் கப்பல்காரர்.
ஏர்க்கால் போல ஒரு வளைவு:
எழுந்து ஒரு வார்த்தை பேசாத நிலக்கரிக்காரர்.
அவர் காலரில் அழுக்கே இருக்காது,
வியர்க்க ஒரு காரணம் வேண்டுமே.

சபை முதன்முதல் கூடிய ஆண்டு
எல்லாருக்கும் கஞ்சி இரட்டிப்பு.
கழுத்தைத் திருப்ப முடியாமல்
நேரே பார்த்தபடி படியேறினார்கள்.
மாரிட்ஸ்பர்க் கடைத்தெருவில் துணி மூட்டையோடு நின்று
என் கஞ்சி நடந்து போவதைப் பார்த்தேன்.

வெளுத்ததெல்லாம் பால் என்று ஊர் நம்பலாம்.
வெளுக்கிறவன் எப்படி நம்புவது?

பென்வெல் துரைக்கு மறதி.
பேச வேண்டியதைக் கைப்பட்டியில்
பென்சிலால் கிறுக்கிக்கொண்டு போவார்.
அடுத்த ஆண்டு குளிர்காலம்,
உம்சுந்துசி ஆற்றுக் கல்லில் பனி வெள்ளையாய்ப் படிந்திருந்த காலையில்
ஒரு கைப்பட்டியை நனைக்காமல் மடித்து
கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் சவரிராயனிடம் கொண்டுபோனேன்.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசித்தார்:
"ஆசியாக்காரன். வாக்காளர் பட்டியல். அடித்துவிடு."
கீழே இன்னும் ஏதோ இருந்தது.
"மனைவிக்கு மீன்" என்றார்.

பக்கத்துக் கல்லில் துவைக்கும் ஜூலுக்காரன் மக்கேபாவிடம்
எனக்குத் தெரிந்த அவன் மொழியில் சொன்னேன்:
பட்டியலில் எங்கள் ஆட்கள் பெயரை அடிக்கிறார்களாம்.
அவன் கால்சட்டையைக் கல்லில் ஓங்கி ஒன்று போட்டான்.
"அடிக்க உனக்குப் பெயராவது எழுதியிருந்தது."
பிறகு நாங்கள் இருவரும்
மதியம்வரை பேசாமல்
அடித்துக்கொண்டிருந்தோம்.

மறு ஆண்டு வேறொரு கைப்பட்டி.
அதைப் படிக்கச் சவரிராயன் தேவைப்படவில்லை.
மூன்று என்ற எண்ணும் பவுன் குறியும் எனக்கே தெரியும்.
தலைக்கு மூன்று பவுன்,
இனிமேல் ஒப்பந்தக் கப்பலேறி வருகிறவர்கள்
கெடு முடிந்தும் ஊர் திரும்பாவிட்டால்
ஒவ்வோர் ஆண்டும்.
வேம்பியின் தம்பி வெங்கட்டான் அப்போது
சென்னைப் பட்டணத்து டிப்போவில்
கப்பலுக்குக் காத்திருந்தான்.
நான் கடிதம் எழுதச் சொல்லி, அது கடல் தாண்டிப் போவதற்குள்
அவன் பாதிக் கடல் தாண்டியிருப்பான்.

பென்சில் எழுத்து இரண்டு தேய்ப்புக்கு நிற்காது.
"போய்விட்டதா?" என்றாள் வேம்பி.
துணியை விட்டுப் போய்விட்டது என்றேன்.

அப்புறம் எத்தனையோ கூட்டம், எத்தனையோ மூட்டை.
மழை பெய்தால் தகராறு, இஸ்திரி சுட்டால் கூலி பிடித்தம்.
கப்பல்காரருக்குத் தொப்பை வைத்தது.
நிலக்கரிக்காரர் ஒருநாள் எழுந்து பேசினாராம்,
ஜன்னலைச் சாத்தச் சொல்லி.

தொண்ணூற்றேழில் சபையைக் கலைத்தார்கள்.
தேர்தல் நாளில் குதிரை வண்டிகளில் ரிப்பன் பறந்தது.
வண்டி போகும்வரை நாங்கள் ஓரமாக நின்றோம்,
பிறகு ஆற்றுக்கு நடந்தோம்.
பென்வெல் துரை தோற்றுப்போனார்.
ஒரு மாத வெளுப்புக் கூலி பாக்கி.
வீட்டு வேலைக்காரன் வாசலிலேயே சொன்னான்:
துரை கரும்புத் தோட்டத்துக்கே போய்விட்டார்.

வண்ணான் தன் துணிக்குக் குறி போடுவதில்லை.
யார் துணியோடும் அது கலக்கிறதில்லையே.
அன்று ராத்திரி காசிம் கடைச் சேங்கொட்டையை
ஊசியால் குத்தி,
என் சட்டைக் கழுத்தின் உட்பக்கம்
ஒரு கோடும் இரண்டு புள்ளியும் வைத்தேன்.
காலியான குறிதானே.

மை காயுமுன் போட்டுக்கொண்டேன் போலிருக்கிறது.
பிடரி கொப்புளித்துவிட்டது.
மூன்று நாள் அரிப்பு.
வேம்பி தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள்,
எதற்கு என்று கேட்கவில்லை.